பெருங்குடல் புற்று: கத்தியும் மருந்தும் கைத்தொழிலும்



அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எப்படி உருவானது என்று கேட்டால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்த கதையைச் சொல்வார்கள். அந்தத் தங்கைக்கு வந்தது எந்தப் புற்றுநோய் என்று சொல்பவர்கள் குறைவு. அது மலக்குடல் புற்றுநோய். இளம் வயதுப் பெண். முதலில் சீதபேதி என்று நினைத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறிய டாக்டர் அக்காவாக இருந்த வீட்டிலேயே இப்படி நடந்தது. அந்தத் துயரத்தைத் தாங்கிக்கொண்டு, முப்பது ஆண்டு அலைந்து, கையேந்தி, 1954இல் அவர் அந்த மருத்துவமனையைத் திறந்தார். தென்னாட்டில் புற்றுநோய் மருத்துவம் தொடங்கிய இடத்தில் ஒரு குடல் நோய் இருக்கிறது, அதைத் தவறாகக் கணித்த துயரமும் இருக்கிறது. இன்று நான் பேசப்போவது அந்த நோயைப் பற்றி.

அன்று சீதபேதி என்றார்கள். இன்று மூலம் என்கிறோம். வெளிக்குப் போகும்போது ரத்தம் போகிறது என்றால் நம் ஊரில் முதலில் வருகிற பதில், ‘உடம்பு சூடு, மோர் குடி’ என்பது. அடுத்தது பேருந்து நிலையத்துச் சுவரில் எழுதியிருக்கிற மூலம், பௌத்திரம் வைத்தியசாலை. அங்கே ஆறு மாதம், எட்டு மாதம் போய்விடும். ரத்தம் போகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்மையிலேயே மூலம்தான் இருக்கும். அதனால்தான் ஆபத்து. பத்துப் பேருக்குச் சரியாக இருந்த பதில் பதினோராவது ஆளின் உயிரை எடுக்கிறது. கையுறை போட்ட ஒரு விரலால் ஆசனவாயைத் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் எத்தனை இடங்களில் தவிர்க்கப்படுகிறது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவர்கள் அறிவார்கள். நோயாளிக்கு வெட்கம், பார்ப்பவருக்குத் தயக்கம், வெளியே நீண்ட வரிசை.

வலப்பக்கக் குடலில் வரும் கட்டி இன்னும் மௌனமானது. ரத்தம் கண்ணில் படாது. மலத்தோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வெளியே தெரிவது சோகை மட்டுமே. மாதவிடாய் நின்ற பெண், நாற்பது தாண்டிய ஆண், இவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைந்த சோகை வந்தால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடக் கூடாது. அந்த ரத்தம் எங்கே போனது என்று கேட்டே தீர வேண்டும். நம் ஊர் உப்பளத்தில் உப்பைத் தலையில் சுமந்து நடக்கிற ஒரு பெண் ‘முன்ன மாதிரி முடியல, மூச்சு வாங்குது’ என்று சொன்னால், வயதாகிவிட்டது என்று அவரும் நினைப்பார், வீட்டாரும் நினைப்பார்கள். மருத்துவரும் அப்படி நினைத்துவிடக் கூடாது.

இந்த நோய் ஓரிரவில் வருவதில்லை. குடலின் உள்சுவரில் சிறு முளையாகத் தொடங்கி, புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டு வரை எடுத்துக்கொள்கிறது. வேறு எந்தப் புற்றுநோயும் இவ்வளவு அவகாசம் தருவது அரிது. அந்த முளையைக் கொலனாஸ்கோப்பி என்னும் குடல் உள்நோக்கிக் குழாய் வழியாகவே கம்பி வளையம் போட்டு எடுத்துவிடலாம். 1969இல் நியூயார்க்கில் ஷின்யா, உல்ஃப் என்ற இருவர் செய்து காட்டிய முறை இது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. எடுத்த முளையோடு நோயும் முடிந்துவிடுகிறது. உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் பேருக்கும், இந்தியாவில் 70 ஆயிரம் பேருக்கும் பெருங்குடலிலும் மலக்குடலிலும் புற்று வருகிறது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நம் எண் சிறியதுதான். ஆனால் நம்மிடம் வருபவர்கள் வயதில் இளையவர்கள், நோயோ முற்றியது.

ஒரு கேள்வி இந்தக் கடலோர ஊரில் எங்கே பேசினாலும் வரும்: கருவாடு தின்றால் குடல் புற்று வருமா? 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பதப்படுத்திய இறைச்சியைக் குடல் புற்றுக்குக் காரணம் என்று வகைப்படுத்தியது உண்மை. அதில் பேசப்பட்டது பன்றி, மாட்டு இறைச்சியில் செய்த சாசேஜ், பேக்கன் போன்றவை. உப்பிட்ட மீனைப் பற்றிய எச்சரிக்கை சீன முறையில் பதமாக்கிய மீனுக்கும் மூக்குத் தொண்டைப் புற்றுக்கும் உள்ள தொடர்பு பற்றியது. ஆகவே நெத்திலிக் கருவாட்டின் மேல் பழி போடாதீர்கள். குடிப் பழக்கம், புகை, உடல் பருமன், நார்ச்சத்து இல்லாத சாப்பாடு, உட்கார்ந்தே இருப்பது ஆகியவற்றின் மேல் போடுங்கள்.

இனி அறுவைக்கு வருகிறேன். பெருங்குடல் ஏறத்தாழ ஐந்தடி நீளம். அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களும், அதிலிருந்து நிணநீரைக் கொண்டுபோகும் பாதைகளும் ஒரு கொழுப்பு மடிப்புக்குள் ஓடுகின்றன. புற்று பரவினால் முதலில் அந்த வழியேதான் பரவும். ஆகவே கட்டியை மட்டும் வெட்டினால் அது அறுவைச் சிகிச்சை ஆகாது. கட்டிக்கு இருபுறமும் நல்ல குடலைச் சேர்த்து, ரத்தக் குழாயை அது கிளம்பும் வேரிலேயே கட்டி, அந்த மடிப்பைக் கிழியாமல் முழுதாக எடுக்க வேண்டும். மலக்குடலுக்கு இந்த நேர்த்தியை 1982இல் இங்கிலாந்தின் பில் ஹீல்ட் சொன்னார். பெருங்குடலுக்கு ஜெர்மனியின் எர்லாங்கனைச் சேர்ந்த ஹோஹென்பெர்கர் 2009இல் விரிவாக எழுதினார். இருவரும் புதுக் கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கரு வளரும் காலத்தில் உடல் போட்டுவைத்த தளங்களின் வழியே பொறுமையாகப் பிரித்துப் போங்கள் என்று மட்டுமே சொன்னார்கள். அவசரப்படாமல் அறுத்ததாலேயே நோய் திரும்புவது குறைந்தது. துளைவழி அறுவையாலும் இதைச் செய்யலாம். திறந்து செய்வதற்கு அது குறைந்ததல்ல என்று 2004இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. வடு சிறியது, வலி குறைவு. ஆனால் துளையா, திறப்பா என்று கேட்பதற்கு முன்னால், மடிப்பு முழுதாக வந்ததா என்று கேளுங்கள்.

எடுத்த குடல் நோய்க்குறியியல் துறைக்குப் போகிறது. அங்கே ஒருவர் அந்தக் கொழுப்பைத் துழாவி, பயறு அளவில் இருக்கும் நிணநீர்க் கணுக்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்க்கிறார். குறைந்தது 12 கணுக்கள் வேண்டும் என்பது விதி. ஏன் 12? இந்த ஊர்க்காரர்களுக்கு அதை விளக்குவது எளிது. அந்தக் காலத்தில் இங்கே முத்துக் குளிப்பு அறிவிக்கும் முன், கடலடியில் சிப்பி விளையும் பாரில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை வணிகர்களைக் கொண்டு மதிப்பிட்ட பிறகே அரசு தேதி குறித்தது. நாலே சிப்பியைப் பார்த்துவிட்டு முத்து இல்லை என்று யாரும் பாரைக் கைவிட்டதில்லை. கணுக்களும் அப்படித்தான். ஐந்து கணுவைப் பார்த்து ‘பரவவில்லை’ என்று எழுதிய அறிக்கை பரவவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. தேடிப் பார்க்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அந்த ஒரு வரியை நம்பி மருந்து வேண்டாம் என்று விடப்பட்டவர்கள் ஈராண்டு கழித்து ஈரலில் கட்டியோடு வந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நோய் குடல் சுவருக்குள்ளேயே இருக்கும்போது அகப்பட்டால், அமெரிக்கப் பதிவேட்டின்படி நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். அருகில் உள்ள கணுக்களை எட்டியிருந்தால் எழுபது பேருக்குச் சற்று மேல். தொலைவுக்குப் போயிருந்தால் பதினைந்து பேர் அளவுக்கே. இந்த இறக்கத்தை முழுமையாக நிரப்பும் மருந்து இன்னும் வரவில்லை.

நம் பகுதியில் பலர் முதன்முதலில் மருத்துவமனைக்கு வருவதே குடல் அடைத்துக்கொண்ட பிறகு. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, இரவு இரண்டு மணிக்கு வருவார்கள். அந்த நேரத்தில் வீங்கிய குடலை ஒட்டித் தைப்பது பல சமயம் ஆபத்து. எனவே குடலின் வாயை வயிற்றின் மேல் திறந்து ‘பை வைக்க’ வேண்டிவரும். நம் மக்கள் புற்றுநோயைவிட இந்தப் பைக்கே அதிகம் அஞ்சுகிறார்கள். பலருக்கு அது தற்காலிகம், சில மாதத்தில் மூடிவிடலாம் என்பதை முன்கூட்டியே, வீட்டாரை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். பையை எங்கே வைப்பது என்பதையும் அறுவைக்கு முன்பே, ஆளை உட்காரவைத்து, குனியவைத்து, குந்தவைத்துப் பார்த்து மையால் குறிக்க வேண்டும். மேசையில் மல்லாந்து கிடக்கும் வயிறும் உப்பளத்தில் குனிந்து வாருகிற வயிறும் ஒன்றல்ல. சேலைக் கொசுவமோ கைலி முடிச்சோ அந்த இடத்தில் வந்தால் பை நிற்காது. நம் வெயிலில் வியர்வைக்கே பசை விட்டுப்போகும். இந்தச் சிறு விஷயங்களைக் கவனிக்காத இடத்தில், நன்றாக நடந்த அறுவைக்குப் பிறகும் மனிதர் வீட்டைவிட்டு வெளியே வராமல் முடங்கிப்போகிறார்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குடலில் தையல் போட்டவருக்கு ஐந்து நாள் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்ற பழக்கத்தை டென்மார்க்கின் கேலெட் 1990களில் உடைத்தார். மறுநாளே நடக்கவிடு, சீக்கிரமே குடிக்கவும் சாப்பிடவும் கொடு என்றார். குடல் தேறுவது விரைவாகிறது. கஞ்சியோடு வரும் அம்மாவைக் கதவருகே தடுத்து நிறுத்திய காலம் போய்விட்டது. கேட்டுவிட்டுக் கொடுங்கள், அவ்வளவுதான்.

மருந்துக்கு வருவோம். கணுக்களில் நோய் இருந்தவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாமல் ரத்தத்தில் அலையும் செல்களைக் கொல்லத்தான் அறுவைக்குப் பின் கீமோ. இதன் அடித்தளம் ஃப்ளூரோயுராசில். 1957இல் அமெரிக்காவின் ஹைடல்பெர்கர், கட்டிகள் யுராசில் என்ற பொருளை அதிகம் இழுத்துக்கொள்கின்றன என்பதைப் பயன்படுத்தி, அதில் ஒரு ஃப்ளூரின் அணுவைச் சேர்த்து உருவாக்கினார். ஆனாலும் அறுவைக்குப் பின் அதைக் கொடுத்தால் உயிர் நீளும் என்று உறுதியாக நிரூபிக்க 1990 வரை ஆனது. அந்த ஆய்வில் அதோடு சேர்த்துக் கொடுத்தது லெவமிசோல் என்ற புழு மாத்திரை. இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பின்னால், குறைத்தது ஃப்ளூரோயுராசில்தான், புழு மாத்திரை தேவையில்லை என்று தெரிந்தது. 2004இல், ஜப்பானின் நாகோயாவில் 1976இல் கண்டறியப்பட்ட ஆக்சாலிபிளாட்டின் என்ற பிளாட்டினச் சேர்மத்தையும் சேர்த்தார்கள். மூன்றாண்டு நோயின்றி இருந்தவர்கள் நூற்றுக்கு 73லிருந்து 78 ஆக உயர்ந்தார்கள். ஐந்து பேர். ஐந்து குடும்பம் என்று சொல்லிப் பாருங்கள், எண்ணின் எடை தெரியும்.

ஆனால் அந்த ஐந்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பற்றிப் பேசத்தான் நான் இன்று முக்கியமாக இங்கே வந்தேன்.

ஆக்சாலிபிளாட்டின் நரம்பைத் தொடும். ஊசி ஏறிய சில நாளைக்குக் குளிர்ந்த எதையும் தொட்டால் விரல்களில் மின்சாரம் பாய்வது போல் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி மூச்சு நிற்பதாகப் பயம் வரும். மேலை நாட்டுக் கையேட்டில் ‘குளிர்பதனப் பெட்டியைத் திறக்கும்போது கையுறை அணியவும்’ என்று எழுதியிருப்பார்கள். நம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸை உடைத்து, பெட்டியில் மீனை அடுக்கி, மறுபடி ஐஸ் போடுவதே தொழிலாக உள்ளவருக்கு அந்த வரி என்ன செய்யும்? குளிர்ச்சியின் கூச்சம் சில நாளில் போகும். மருந்து சேரச் சேர வருகிற மரத்துப்போதல் அப்படிப் போவதில்லை, சிலருக்கு ஆண்டுக் கணக்கில் நிற்கும். சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்பது அலுவலகக்காரரின் முறையீடு. வலையின் கண்ணைத் தடவிப் பார்த்துக் கிழிசல் தைக்கிறவருக்கும், மூழ்கி மணலில் சங்கைத் தேடுகிறவருக்கும் விரல் நுனிதான் கண். அது மரத்தால் பிழைப்பு போய்விட்டது.

இந்த இடத்தில்தான் 2018இல் வெளிவந்த ஐடியா என்ற கூட்டு ஆய்வு நமக்குப் பெரிய கொடை. ஆறு ஆய்வுகள், 12,834 நோயாளிகள். ஆறு மாதம் கொடுப்பதற்குப் பதிலாக மூன்று மாதம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். நோய் குறைவாகப் பரவியவர்களுக்கு, அதாவது கட்டி மிக ஆழம் போகாமல் ஒன்று முதல் மூன்று கணுக்களில் மட்டும் இருந்தவர்களுக்கு, மூன்று மாதமும் ஆறு மாதமும் ஏறத்தாழ ஒரே பலன். மூன்றாண்டு நோயின்றி இருந்தவர்கள் இரு பக்கமும் நூற்றுக்கு 83. வேலையைக் கெடுக்கும் அளவு நரம்புப் பாதிப்போ ஆறு மாதக்காரர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேருக்கும், மூன்று மாதக்காரர்களில் 15 பேருக்கும்தான் வந்தது. குறைத்துக் கொடுப்பது கஞ்சத்தனம் அல்ல, அது கணித்துக் கொடுப்பது. நோய் அதிகம் பரவியவர்களுக்கு ஆறு மாதத்தைக் கைவிடுவது எளிதல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவரிடம், ‘அண்ணாச்சி, இன்னும் மூன்று மாதம் போட்டால் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு, கை மரத்துப்போகும் வாய்ப்பும் கூடும், நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள், எது வேண்டும்?’ என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதிய மருந்துச் சீட்டு பாதிச் சீட்டு.

மூன்று மாத முறைக்கு மிக ஏற்றது ஆக்சாலிபிளாட்டினோடு கேப்பசிட்டபின் மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது. 21 நாளுக்கு ஒருமுறை ஊசி, 14 நாள் மாத்திரை. நாலே சுற்று. பழைய முறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து, 46 மணி நேரம் மருந்தைச் சுமந்திருக்க வேண்டும். வேம்பார், பெரியதாழை போன்ற கடலோர ஊர்களிலிருந்து பேருந்து ஏறி வருகிறவருக்கு எது நல்லது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கேப்பசிட்டபினுக்கும் ஒரு குணம் உண்டு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோலுரியும். உப்பு நீரில் வெறுங்காலோடு நிற்கிறவருக்கு ஏற்கெனவே கால் வெடித்திருக்கும். தை, மாசி தொடங்கி மழைக்கு முந்தி வரை உப்பளத்தில் வேலை இருக்கும். அறுவைக்குப் பின் எட்டு வாரத்துக்குள் கீமோ தொடங்க வேண்டும் என்பதால் மழைக்காலம் வரை தள்ளிப்போடவும் முடியாது. அந்த மூன்று மாதம் அவர் உப்புப் பாத்தியில் இறங்கக் கூடாது. இறங்காத நாளுக்குக் கூலி யார் தருவது? இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை நிதியின் ஒரு பங்கு அதற்குப் போகட்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்கிறேன். அறுவைக்கும் மருந்துக்கும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அது பெரிய துணை. இழந்த கூலிக்கு அதில் இடமில்லை.

நோய் ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டார் நினைக்கிறார்கள். ஈரலில் சில கட்டிகள் மட்டும் இருந்தால் அவற்றையும் வெட்டி எடுத்துப் பலர் நீண்ட காலம் வாழ்கிறார்கள். வெட்ட முடியாதபோது கைகொடுக்கும் மருந்துகளில் ஒன்று இரினோடிகான். அதன் மூலப்பொருளான கேம்ப்டோதெசினை 1966இல் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தவர்கள் அமெரிக்காவில் பணியாற்றிய வால் என்பவரும், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணியும். 1972இல் அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு நாற்றமுள்ள சிறு மரத்திலும் இருக்கிறது என்று கண்டவர்கள் டி.ஆர்.கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் கற்று, அங்கேயே கற்பித்தவர். மருந்தாக அப்படியே கொடுத்தபோது சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியதால் கைவிடப்பட்ட அந்தப் பொருளை, நீரில் கரையும்படி மாற்றி ஜப்பானியர்கள் மீட்டார்கள். அந்த மரம் இன்று நம் மலைகளில் அருகிவருகிறது, ஏற்றுமதிக்காக வெட்டியதால். இரினோடிகான் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும், கடுமையாகவே வரும். கடலுக்குப் போகிறவர் உப்புச் சர்க்கரைக் கரைசலும், வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையும் கையில் இல்லாமல் படகேறக் கூடாது.

கடந்த பதினைந்து இருபது ஆண்டில் கட்டியின் மரபணுவைப் படித்து மருந்து கொடுக்கும் காலம் வந்துவிட்டது. கேராஸ் என்ற மரபணு மாறியிருந்தால் செடுக்சிமாப் என்ற மருந்து வேலை செய்யாது. பார்க்காமல் போடுவது பணத்தைக் கடலில் கொட்டுவது. டி.என்.ஏ. பிழை திருத்தும் புரதங்கள் குறைந்த கட்டிகள் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து. அவர்களுக்குக் கீமோவைவிட நோய் எதிர்ப்பாற்றலைத் தட்டி எழுப்பும் மருந்து மேலானது. நெதர்லாந்து ஆய்வொன்றில், இப்படிப்பட்ட 111 பேருக்கு அறுவைக்கு முன் சில வாரம் அந்த மருந்தைக் கொடுத்தார்கள். அறுத்து எடுத்த குடலில் நூற்றுக்கு 68 பேருக்குப் புற்றே மிச்சமில்லை. விலைதான் எட்டவில்லை. மாறாக, எல்லோருக்கும் எட்டும் விலையில் ஒரு செய்தி 2025இல் வந்தது. கட்டியில் குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மூன்று ஆண்டு தினமும் சிறு அளவு ஆஸ்பிரின் கொடுத்தால் நோய் திரும்புவது பாதியாகிறது. அதே ஆண்டு இன்னொரு ஆய்வு, கீமோ முடிந்தவர்களை முறையாக நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் வைத்தால் எட்டாண்டில் உயிரோடிருப்பவர்கள் நூற்றுக்கு 83லிருந்து 90 ஆக உயர்ந்ததைக் காட்டியது. ஆக்சாலிபிளாட்டின் தந்ததற்குக் குறையாத பலன். கடற்கரைச் சாலையில் விடியலில் நடக்க யாரும் கட்டணம் கேட்பதில்லை.

கடைசியாக, கட்டிலருகே நிற்கிற பிள்ளைகளைப் பற்றி. அப்பாவையோ அம்மாவையோ காட்ட வந்து, சீட்டு வாங்கி, ரத்தம் கொடுத்து, இரவு வராந்தாவில் படுத்துக்கிடக்கும் மகனையும் மகளையும் யாரும் நோயாளியாக நினைப்பதில்லை. பெற்றவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. நாற்பது வயதில், அல்லது அவர்களுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னால், எது முந்தியோ அப்போது கொலனாஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். அப்பாவுக்கு 46இல் வந்தது என்றால் மகனுக்கு 36இல். இதை மருத்துவர்கள் வாயால் சொன்னால் மறந்துபோகும். அப்பாவை வீட்டுக்கு அனுப்பும் சீட்டின் அடியில், பிள்ளைகளின் பெயரையும் அவர்கள் வர வேண்டிய ஆண்டையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.